நம் சான்றிதழ் எந்த ஊரில் செல்லும்? கம்ப்யூட்டர் சயின்ஸ் போஸ்ட்டாக் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரு தங்கை போன் செய்தாள். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிஎச்டி. தமிழ்ப் பேச்சை எழுத்தாக மாற்றுவது பற்றிய ஆய்வு. தீசிஸ் கொடுத்தாகிவிட்டது, வெளிநாட்டுத் தேர்வாளரின் அறிக்கை வந்தால் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு. வயது 34, மூன்று வயதில் ஒரு பையன், கணவருக்குச் சென்னையில் வேலை. எஸ்.சி. வகுப்பு, அந்தக் குடும்பத்திலேயே கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். "அக்கா, பெண்களுக்குன்னு, எஸ்.சி., எஸ்.டி.க்குன்னு, ஆராய்ச்சியில் ஆள் குறைவா இருக்கற சமூகத்துக்குன்னு நிறைய போஸ்ட்டாக் ஃபெலோஷிப் இருக்கே, எதுக்குப் போடறது?" என்று கேட்டாள். போஸ்ட்டாக் என்றால் பிஎச்டிக்குப் பின் சில ஆண்டுகள் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணி. கணினியில் 19 பக்கங்களைத் திறந்து வைத்திருக்கிறாளாம். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். பாதிக்கு மேல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்.

முதலில் அதையெல்லாம் மூடு என்றேன்.

அவள் கோபித்துக்கொண்டாள், நியாயம்தான். ஆனால் இதே கேள்வி வருடத்துக்கு நாலைந்து பேரிடமிருந்து வருகிறது, எல்லோரும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பிரதிநிதித்துவம் குறைந்தவர் என்ற சொல் எல்லா நாட்டிலும் ஒரே ஆளைக் குறிப்பதில்லை. அமெரிக்காவில் அது கறுப்பினத்தவரை, ஹிஸ்பானிக் மக்களை, பூர்வகுடிகளைக் குறிக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் பெண்களையும் சேர்த்துக்கொள்வார்கள். இந்தியர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள், அங்கே எந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைக்குள் நுழைந்தாலும் நம் ஆட்கள் நாலு பேராவது இருப்பார்கள். அந்த நாலு பேரில் எத்தனை பேர் தலித்துகள் என்று கேட்கும் கட்டம் அவர்களுடைய படிவத்தில் கிடையாது. தாசில்தார் கையெழுத்துப் போட்ட சாதிச் சான்றிதழ் அந்த ஊரில் செல்லாக் காசு.

அதைவிடப் பெரிய தடை குடியுரிமை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிரசிடென்ட்ஸ் போஸ்ட்டாக்டரல் ஃபெலோஷிப் 1984-இல் தொடங்கியது, இந்த வகையில் மிகவும் பேர்பெற்றது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் என்றால், அமெரிக்காவில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் வேலை செய்யும் உரிமை இருப்பதைக் காட்டச் சொல்வார்கள். ஜே-1, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களிடம் அது இருக்காது. வட கரோலினா பல்கலைக்கழகத்திலும் 1983-இல் இதே போன்ற ஒன்று தொடங்கியது. ஃபோர்டு அறக்கட்டளையின் ஃபெலோஷிப்பும் குடியுரிமை, நிரந்தரக் குடியிருப்பு என்றுதான் கேட்டது, அதையும் படிப்படியாக முடித்துக்கொள்கிறோம் என்று 2022-இலேயே அறிவித்துவிட்டார்கள். அப்புறம் 2023 ஜூனில் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரியில் பன்முகத்தன்மைத் திட்டங்களுக்கு எதிரான அதிபர் ஆணைகள், அதே ஆண்டு ஏப்ரலில் தேசிய அறிவியல் அறக்கட்டளை அந்த வகை நிதியுதவிகளை ரத்து செய்தது. ஏற்கெனவே நமக்குத் திறக்காத கதவு, இப்போது அவர்களுக்கே பாதி சாத்தியிருக்கிறது.

நீங்கள் கிரீன் கார்டு வைத்திருக்கும் தமிழர் என்றால் கதை வேறு, கலிபோர்னியாவுக்குக் கட்டாயம் போடுங்கள். அந்தத் திட்டத்தில் நான் மதிப்பது உதவித்தொகையை அல்ல. அங்கே ஃபெலோவாக இருந்தவரை அதே பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு வளாகம் பேராசிரியராக எடுத்துக்கொண்டால், சம்பளத்தின் ஒரு பங்கைத் தலைமை அலுவலகமே சில ஆண்டுகளுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டை நீண்ட காலம் வைத்திருந்தார்கள். அதாவது போஸ்ட்டாக் முடியும் இடத்தில் வேலைக்கு ஒரு படிக்கட்டு. எந்த ஃபெலோஷிப்பைப் பார்த்தாலும் நான் இந்தப் படிக்கட்டைத்தான் தேடுவேன். பல இடங்களில் இருக்காது.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

இந்தியாவில் பெரும்பாலானவர்களுக்கு முதல் வாசல் நேஷனல் போஸ்ட்டாக்டரல் ஃபெலோஷிப், எல்லோரும் என்பிடிஎஃப் என்பது. மத்திய அரசின் ஆராய்ச்சி வாரியமான செர்ப் நடத்தியது, அது 2024-இல் ஏஎன்ஆர்எஃப் என்ற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போனபின் அவர்கள் கையில். இது பொதுப் போட்டி, யாருக்கும் தனி இடம் கிடையாது. ஆனால் வயது வரம்பு 35 என்பதில் பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 ஆண்டு தளர்வு. அந்த ஐந்து ஆண்டை யாரும் மதிப்பதே இல்லை! எனக்கு என்னவோ அதுதான் இந்தத் திட்டத்தில் உள்ள உண்மையான இட ஒதுக்கீடு. நம்மில் பலர் பி.இ. முடித்து இரண்டு வருஷம் வேலைக்குப் போய், வீட்டுக் கடனை அடைத்து, எம்.இ. படித்து, தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக பிஎச்டி முடித்துவிட்டு நிமிரும்போது வயது முப்பத்தி நாலு, முப்பத்தைந்து. நேராக ஐஐடியில் சேர்ந்து 27-இல் முடித்தவருக்கு அந்தத் தளர்வு வெறும் எழுத்து, நமக்கு அதுதான் உயிர்.

இரண்டு ஆண்டு கிடைக்கும், வாழ்நாளில் ஒரே முறைதான். மாத உதவித்தொகை தவிர ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் ஆய்வுச் செலவு என்று இந்தத் திட்டத்தில் கொடுத்து வந்தார்கள். அந்தத் தொகை உங்கள் ஆய்வைப் பொறுத்துப் பெரிதாகவும் தெரியும், சிறிதாகவும் தெரியும். அல்காரிதம், கிரிப்டோகிராபி என்று காகிதமும் கரும்பலகையுமாக இருப்பவருக்கு இரண்டு மாநாட்டுப் பயணமும் ஒரு நல்ல மடிக்கணினியும் வந்துவிடும். மொழி மாடல், பேச்சு மாடல் பயிற்றுவிக்கிறவர் ஒரு உருப்படியான ஜிபியு கார்டு வாங்கினால் அத்தோடு அந்த வருஷத்துப் பணம் காலி. அதனால் தங்கையிடம் சொன்னேன், உன் தலைப்புக்கு வழிகாட்டியின் பெயரைவிட அவர் ஆய்வகத்தின் ஜிபியு எண்ணிக்கை முக்கியம், கூச்சப்படாமல் கேள். சென்னையிலேயே ஐஐடி மெட்ராஸில் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளின் பேச்சிலும் மொழிபெயர்ப்பிலும் வேலை செய்கிறது, அந்த மாதிரி இடத்தில் கருவியும் தரவும் முன்பே இருக்கும். தியரி ஆட்களுக்குத் தரமணியில் ஐஎம்எஸ்சி, சிறுசேரியில் சிஎம்ஐ என்று இரண்டு கணித ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கும்போது வேறு ஊர் ஏன் என்று தோன்றும், நியாயமான கேள்விதான்.

தீசிஸ் கொடுத்துவிட்டு வைவாவுக்குக் காத்திருப்பவரும் என்பிடிஎஃப்புக்குப் போடலாம் என்பது இன்னொரு நல்ல விஷயம், பட்டம் கையில் வரும் வரை தொகை குறைவாக இருக்கும், அவ்வளவுதான். தேர்வாளர் அறிக்கைக்காக ஆறு மாதம், எட்டு மாதம் காத்திருக்கும் நம் ஊர் வழக்கத்துக்கு இது பெரிய ஆறுதல்.

இதோடு ஒப்பிட வேண்டியது யுஜிசியின் எஸ்.சி., எஸ்.டி. போஸ்ட்டாக்டரல் ஃபெலோஷிப். காகிதத்தில் பார்த்தால் இதுதான் ராஜா. 5 ஆண்டு. ஆண்டுக்கு 100 இடம், முழுக்க நமக்கே. ஆனால் அந்த 100 எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. தமிழ் இலக்கியம், வேதியியல், பொருளாதாரம், விலங்கியல் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வந்து சேர்வது ஒரு கைப்பிடி. அதைவிட, இந்த அறிவிப்பு ஊர்த் திருவிழா மாதிரி வருஷா வருஷம் தேதி தவறாமல் வருவதில்லை. வரும், வராது, வந்தால் முடிவு எப்போது என்று தெரியாது. இதை நம்பி ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் சயின்ஸில் ஒரு வருஷம் என்பது கட்டுரை எழுதும் இரண்டு மாநாட்டுக் கெடு, அந்த இடைவெளி விண்ணப்பத்தில் பளிச்சென்று தெரியும். அறிவிப்பு வந்த அன்று போடுங்கள். வரும் என்று காத்திருக்காதீர்கள்.

ஐந்து ஆண்டு என்பதைப் பற்றி என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது, சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வேதியியலில், உயிரியலில் ஐந்து ஆண்டு போஸ்ட்டாக் சாதாரணம். கம்ப்யூட்டர் சயின்ஸில் மூன்றுக்கு மேல் போனால் நேர்காணலில், ஏன் இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று கேட்பார்கள். அதனால் ஐந்து கிடைத்தாலும் மூன்றாவது ஆண்டே வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கிவிட வேண்டும். மீதி இரண்டு ஆண்டு காப்பீடு மாதிரி.

மூன்று என்று ஏன் சொல்கிறேன் என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐஐடியில் உதவிப் பேராசிரியர் முதல் நிலைக்கு பிஎச்டிக்குப் பின் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். பிஎச்டி படித்துக்கொண்டிருந்த காலம் அதில் சேராது. என்பிடிஎஃப் கொடுப்பது 2. அந்த ஒரு ஆண்டு இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது என்பதை இரண்டாம் ஆண்டு முடியும்போது யோசித்துப் பயனில்லை, சேரும் முன்பே யோசிக்க வேண்டும். பல்கலைக்கழக, கல்லூரி வேலைகளுக்கோ யுஜிசியின் 2018 விதிகளில் நேர்காணலுக்கு ஆள் எடுக்கும் மதிப்பெண் பட்டியலில் கற்பித்தலுக்கும் போஸ்ட்டாக்குக்கும் ஒரே விலை, ஆண்டுக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. அங்கே போகப் போகிறவர் பெரிய பெயருக்காக வெளிநாடு அலைய வேண்டியதில்லை. டிஆர்பி தேர்வு எழுதி அரசு பொறியியல் கல்லூரிக்குப் போவதுதான் எண்ணம் என்றால் இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறேன், அந்த நேரத்தைத் தேர்வுக்குப் படிக்கச் செலவிடுங்கள்.

படிக்கட்டு என்று மேலே சொன்னேனே, இந்தியாவில் அது ஃபெலோஷிப்பில் இல்லை, ஆசிரியர் நியமனத்தில் இருக்கிறது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டுக்கு 2019-இல் சட்டம் வந்தது, ஐஐடிகளும் என்ஐடிகளும் அதற்குள் வருகின்றன, எஸ்.சி., எஸ்.டி., ஓபிசி ஆட்களுக்கென்று தனி அறிவிப்புகளும் வருகின்றன. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டிஐஎஃப்ஆரும் ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் அங்கங்களும் அந்தச் சட்டத்தின் விதிவிலக்குப் பட்டியலில் உள்ளன, ஐஎம்எஸ்சி அந்த அங்கங்களில் ஒன்று. ஆக, ஐஎம்எஸ்சியில் போஸ்ட்டாக் செய்வது அறிவுக்கு விருந்து, ஆனால் அங்கேயே ஒதுக்கீட்டில் வேலை என்று கனவு காண வேண்டாம். அங்கே கற்றுக்கொண்டு என்ஐடிக்கோ ஐஐடிக்கோ போடுங்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம், சின்னது என்று விட்டுத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் ஊரில் பிசி, எம்பிசி என்று வாங்கும் சான்றிதழ் மத்திய அரசு விண்ணப்பத்துக்குப் போதாது. ஓபிசி, கிரீமி லேயருக்கு வெளியே என்று மத்திய அரசு படிவத்தில் தனியாக வாங்க வேண்டும், அதுவும் பெரும்பாலான அறிவிப்புகளில் சமீபத்திய தேதியோடு. மாநிலத்தில் எஸ்.சி.ஏ. (அருந்ததியர்) என்று இருப்பவர் அங்கே எஸ்.சி. பட்டியலில்தான் வருவார், ஆனாலும் படிவம் அவர்கள் கேட்கும் வடிவத்தில் இருக்க வேண்டும். கடைசி நாள் இரவு 11 மணிக்கு இது தெரிந்து அழுத ஆள் நானேதான்.

பெண்களுக்கு மட்டும் என்றால் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் இருக்கிறது. முன்பு வோஸ்-ஏ என்று இருந்த திட்டத்தின் வாரிசாக இப்போது வைஸ்-பிடிஎஃப். குழந்தை, கல்யாணம், மாமியார் உடல்நிலை என்று ஆராய்ச்சியை விட்டு விலகியவர்களை மறுபடி உள்ளே இழுப்பதுதான் இதன் நோக்கம், அதனால் வயது வரம்பு என்பிடிஎஃப்பைவிட மிகத் தாராளம். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் பொறியியல் தொழில்நுட்பப் பிரிவில் போட வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது, திட்டம் உங்கள் பெயரில் இருக்கும். பேராசிரியரின் வேலையில் ஒரு துண்டைச் செய்து கொடுக்கும் ஆள் இல்லை, நீங்களே முதன்மை ஆய்வாளர். பிடிக்காதது, நீங்களே முதன்மை ஆய்வாளர் என்பதால் நிறுவனத்தின் ஒவ்வொரு மேசைக்கும் நீங்களேதான் அலைய வேண்டும். 40 வயதைத் தாண்டியவருக்கு இதற்கு மேல் பேச்சே இல்லை, இதுதான். 34-இல் இருப்பவர் என்பிடிஎஃப்பை முதலில் முயன்றுவிட்டு இதைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம், வயது இங்கே துரத்தாது.

எந்த அரசு ஃபெலோஷிப்பாக இருந்தாலும் சேமிப்பில் ஆறு மாதச் செலவு இல்லாமல் இறங்காதீர்கள். எனக்கு முதல் தவணை ஏழு மாதம் கழித்து வந்தது. ஓர் அலுவலகம், பணத்தைச் செலவழித்ததற்கான யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் வரவில்லை என்றது, இன்னோர் அலுவலகம் அனுப்பிவிட்டோம் என்றது, நடுவில் நான் அண்ணனிடம் கடன் வாங்கி வாடகை கட்டினேன். கடன் கொடுக்க அண்ணன் இருந்தான். முதல் தலைமுறையாக இந்தப் பக்கம் வருகிறவருக்கு எத்தனை வீட்டில் அது இருக்கும்? பின்தங்கியவர்களுக்கான உதவித்தொகை, சேமிப்பு உள்ளவர்களால் மட்டுமே தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தில் வருகிறது என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரியும். சேரும் இடத்தில் முன்பணம் கொடுக்கும் வழக்கம் உண்டா என்று கேளுங்கள், சில இடங்களில் டீன் அலுவலகம் கொடுக்கும்.

இந்தத் தாமதத்தை நினைத்தால்தான் எந்த முத்திரையும் இல்லாத சாதாரண வழி அழகாகத் தெரிகிறது. ஒரு பேராசிரியரின் ப்ராஜெக்டில் ரிசர்ச் அசோசியேட்டாகச் சேர்வது. 2023 ஜனவரி முதல் மத்திய அரசு நிர்ணயித்த தொகை 58,000, 61,000, 67,000 என்று மூன்று படி, அதோடு வீட்டு வாடகைப்படி. பணம் ஏற்கெனவே நிறுவனத்தில் இருக்கும், அதனால் மாதச் சம்பளம் போல வரும். குறை என்ன என்றால் பர்ஸ் அவர் கையில். அவர் எடுத்த வேலையைச் செய்ய வேண்டும், அவர் கோபித்தால் புதுப்பிக்க மாட்டார். நல்ல மனிதர் என்றால் சொர்க்கம். இல்லையென்றால், நம் சமூகத்திலிருந்து போகிறவருக்கு, சொல்லவே வேண்டாம். போவதற்கு முன் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் போனில் பேசுங்கள், மின்னஞ்சலில் யாரும் உண்மை எழுதமாட்டார்கள். அவர்களுடைய கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள், அவரிடமிருந்து போன பெண்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐஐடி மெட்ராஸ், ஐஐடி பம்பாய், ஐஐஎஸ்சி போன்றவை தங்கள் சொந்தப் பணத்தில் கொடுக்கும் போஸ்ட்டாக்கும் உண்டு, அது இரண்டுக்கும் நடுவில். பணமும் நேரத்துக்கு வரும், கொஞ்சம் சுதந்திரமும் இருக்கும்.

வெளிநாடு போயே ஆக வேண்டும் என்பவர்களுக்கு நம் சான்றிதழ் செல்லும் இடங்கள் கொஞ்சம்தான், ஆனால் இல்லாமல் இல்லை.

பெண் என்பது செல்லும். ஸ்லம்பர்ஜர் அறக்கட்டளையின் ஃபேகல்ட்டி ஃபார் த ஃப்யூச்சர் 2004 முதல் வளரும் நாடுகளின் பெண்களுக்கு பிஎச்டிக்கும் போஸ்ட்டாக்குக்கும் கொடுக்கிறது. இந்தியா, இலங்கை இரண்டிலிருந்தும் போடலாம். போஸ்ட்டாக்குக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 40,000 டாலர். படித்துவிட்டு ஊர் திரும்பிக் கற்பிப்பேன், பெண் பிள்ளைகளை அறிவியலுக்கு இழுப்பேன் என்று நீங்கள் சொல்வதை அவர்கள் நம்ப வேண்டும், அதனால் கட்டுரைப் பட்டியல் மட்டும் போதாது, கிராமத்துப் பள்ளியில் நீங்கள் நடத்திய நாலு வகுப்புகூட இங்கே எடை தரும். நம் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. கவனிக்க வேண்டியது, 40,000 டாலரில் பாஸ்டனில் குழந்தையோடு வாழ முடியாது. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் போஸ்ட்டாக்குக்குக் குறைந்தபட்சச் சம்பளம் அதைவிட அதிகமாக வைத்திருப்பதால், மீதியைக் கொடுக்க ஒரு பேராசிரியர் முன்வர வேண்டும். எண்ணெய்க் கிணற்று வேலை செய்யும் கம்பெனியின் பணம் என்று தயங்குபவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் மனசாட்சி. நான் வாங்குவேன்.

எஸ்.டி. என்பதும் ஓர் இடத்தில் செல்லும். பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் போஸ்ட்டாக்கும் அடக்கம், ஆண்டுக்கு 20 இடம்தான். எஸ்.சி.க்கான வெளிநாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் பிஎச்டிக்கும்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைபவர்கள் நிறைய.

மற்றபடி ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி, அமெரிக்காவுக்குப் போகும் ஃபுல்பிரைட். இரண்டிலும் ஒதுக்கீடு கிடையாது. ஆனாலும் மேரி கியூரியை இந்தப் பட்டியலில் வைக்கக் காரணம் இருக்கிறது. அது வயதைக் கேட்பதில்லை. பிஎச்டிக்குப் பின் 8 ஆண்டு என்பதுதான் கணக்கு, அதிலும் குழந்தைக்காக நின்ற காலத்தைக் கழித்துவிடுவார்கள், குடும்பம் கூட வந்தால் தனிப்படி உண்டு. போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்ற விதி, ஊரிலேயே படித்த நமக்கு ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை கூட்டம்தான், 2025-இல் 17,000-க்கும் மேல் விண்ணப்பம் போயிருக்கிறது. முதல் முறை கிடைக்காது என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். ஐரோப்பாவில் உங்களை ஏற்கும் பேராசிரியர் உங்களோடு உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தை எழுதுவாரா, அல்லது கையெழுத்து மட்டும் போடுவாரா என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது. இவ்வளவு மெனக்கெட முடியாதவர் ஜெர்மனியின் ஹும்போல்ட்டைப் பார்க்கலாம், ஆண்டு முழுவதும் விண்ணப்பம் வாங்குகிறார்கள், பிஎச்டி முடித்து 4 ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஃபுல்பிரைட்-நேரு 8 முதல் 24 மாதம், பிஎச்டி முடித்து 4 ஆண்டுக்குள். கௌரவம் பெரியது. ஆனால் முடிந்ததும் இரண்டு ஆண்டு ஊரில் இருந்தே ஆக வேண்டும், அதற்கு முன் எச்-1பியோ கிரீன் கார்டோ கிடையாது. இந்த இரண்டு ஆண்டு விதிக்கு எந்த நாட்டவர் உட்படுவார்கள் என்று சொல்லும் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் அமெரிக்கா இந்தியாவை எடுத்துவிட்டதால், ஒரு பேராசிரியரின் கிராண்ட்டில் சாதாரண ஜே-1இல் போகிறவருக்குப் பெரும்பாலும் இந்தக் கட்டு இப்போது இல்லை. அரசுப் பணத்தில் போகும் ஃபுல்பிரைட்டுக்கு அப்படியே இருக்கிறது. திரும்பி வரும் முடிவோடு போகிறவர் ஃபுல்பிரைட், அங்கேயே இருந்து பார்க்கலாம் என்பவர் கிராண்ட் போஸ்ட்டாக். இதில் கௌரவத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பிரிட்டனில் கணவரின் விசாவோடு போய், பிஎச்டியை அலமாரியில் வைத்துவிட்டு, மான்செஸ்டரிலோ ரெடிங்கிலோ பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெண்கள் எனக்கே ஐந்தாறு பேரைத் தெரியும். உங்களுக்கு டாஃப்னி ஜாக்சன் டிரஸ்ட். 1992 முதல் இருக்கிறது, குறைந்தது இரண்டு ஆண்டு ஆராய்ச்சியை விட்டு விலகியவர்களுக்கே உரியது, பகுதி நேரமாகச் செய்யலாம். மற்ற எல்லா விண்ணப்பத்திலும் நீங்கள் மறைக்கப் பார்க்கும் அந்த இடைவெளிதான் இங்கே நுழைவுச்சீட்டு.

தங்கைக்கு என்ன சொன்னேன்? 34 வயது, குழந்தை, கணவர் சென்னையில், தலைப்பு தமிழ்ப் பேச்சு. என்பிடிஎஃப் முதல், வழிகாட்டி சென்னையிலோ பெங்களூரிலோ ஜிபியு உள்ள ஆய்வகத்தில், பிஎச்டி செய்த இடத்துக்கு வெளியே. கைடு இங்கேயே இரு என்று பாசமாகச் சொல்வார், கேட்காதே. முடிவு வரும் வரை ஒரு ப்ராஜெக்டில் ரிசர்ச் அசோசியேட், பட்டம் வந்த நாளிலிருந்து அதுவும் அந்த மூன்று ஆண்டுக் கணக்கில் சேரும். யுஜிசி அறிவிப்பு வந்தால் ஒரு மாலையில் உட்கார்ந்து போட்டுவிடு. இந்த வருஷமே ஃபேகல்ட்டி ஃபார் த ஃப்யூச்சர், பையனோடு போக மனம் வந்தால். மேரி கியூரி அடுத்த வருஷம், அதற்குள் ஒரு நல்ல மாநாட்டுக் கட்டுரை வேண்டும். 19 பக்கத்தில் மிஞ்சியது நாலு.

"கோட்டாவில் வந்த போஸ்ட்டாக்குன்னு பேசுவாங்களே அக்கா" என்றாள் கடைசியில். என்னையும் பேசினார்கள். சாப்பாட்டு மேசையில் என் காதுபடவே. மூன்றாம் மாதம் அதே ஆட்கள் தங்கள் கோடில் பிழை பார்த்துத் தரச் சொல்லி என் மேசைக்கு வந்தார்கள், பார்த்துக் கொடுத்தேன், கட்டுரையில் என் பெயரைப் போடு என்று கேட்டும் வாங்கினேன். வயது வரம்பில் கிடைக்கும் அந்த ஐந்து ஆண்டைக் கூச்சப்பட்டு எழுதாமல் விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது என்பிடிஎஃப்புக்கு அவருக்கு வயது தாண்டிவிட்டது.

வைவா தேதி வந்ததும் கூப்பிடுகிறேன் என்றாள். அது வரும்போது வரட்டும், நாளைக்கே இ-சேவை மையம் போய் மத்திய அரசு படிவத்தில் சான்றிதழுக்கு எழுதிப் போடு என்றேன்.